கணக்குப்பிள்ளை வீட்டுப் பெட்டியும் எட்கர் காட்டின் அட்டவணையும்

இன்ஜினியரிங் காலேஜ்ல டி.பி.எம்.எஸ். படிச்ச யாரைக் கேட்டாலும் மூணு விஷயம் ஞாபகம் வச்சிருப்பாங்க. ஸ்காட், டைகர், நார்மலைசேஷன். முதல் ரெண்டும் ஆரக்கிள் லேப்ல உள்ளே நுழையற யூசர்நேமும் பாஸ்வேர்டும். ஸ்காட்ங்கறது ஆரக்கிளின் ஆரம்பகால ஊழியர் புரூஸ் ஸ்காட். டைகர் அவர் வீட்டுப் பூனை. உலகம் பூரா லட்சக்கணக்கான மாணவர்கள் ஒரு பூனை பேரைத் தட்டித்தான் டேட்டாபேஸ் கத்துக்கிட்டாங்க :-)

மூணாவதுதான் பிரச்னை. நார்மலைசேஷன் பெரிய கேள்வியா வரும், மனப்பாடம் பண்ணிட்டுப் போனா போதும்னு சீனியர்கள் சொல்வாங்க. உதாரணம் என்னன்னு பார்த்தா சப்ளையர், பார்ட், லண்டன், பாரிஸ். இல்லைன்னா எம்ப்ளாயி, டிபார்ட்மெண்ட். நாங்குநேரி பஸ் ஸ்டாண்டுல ஏறி காலேஜுக்குப் போற ஒருத்தனுக்கு லண்டன் சப்ளையர் என்ன உறவு? அந்த அட்டவணை தப்பா இருந்தா யாருக்கு என்ன நஷ்டம்? தெரியாது. அதனால மனசுல ஒட்டாது.

ஆனா நாங்குநேரி தாலுகா ஆபீஸ்ல, நூறு வருஷத்துக்கும் மேலா, நார்மல் ஃபார்ம் ஒவ்வொண்ணுக்கும் கச்சிதமான உதாரணம் உட்கார்ந்திருக்கு. அதுல தப்பு நடந்தா யாருக்கு என்ன நஷ்டம்னு ஊர்ல சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும். அதைப் பத்திதான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க.

வழி தெரிஞ்சவன் ராஜா

முதல்ல அமெரிக்காவுக்கு ஒரு நடை போயிட்டு வந்துடலாம். 1960களில் ஐ.பி.எம். கம்பெனி ஐ.எம்.எஸ். என்ற டேட்டாபேஸை உருவாக்கியது. நிலாவுக்குப் போன அப்பல்லோ திட்டத்தில், ராக்கெட்டின் எக்கச்சக்கமான பாகங்களைக் கணக்கு வைக்கப் பிறந்தது அது. மரம் மாதிரி அமைப்பு: தாய், அதுக்குக் கீழே பிள்ளை, அதுக்குக் கீழே பேரன். இன்னொரு பக்கம் சார்லஸ் பாக்மன் வலை மாதிரி ஒரு அமைப்பைச் செய்தார். அதுக்காக 1973-ல் டூரிங் விருதும் வாங்கினார். அந்த விருது உரையில் அவர் புரோகிராமரை மாலுமிக்கு ஒப்பிட்டார். தரவுக்கடலில் ஒரு பதிவைப் பிடித்து, அதிலிருந்து அடுத்தது, அதிலிருந்து அடுத்தது என்று வழி பார்த்து ஓட்டிக்கொண்டு போகிறவன்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா மாலுமி லீவு போட்டா? வழி மாறிட்டா? எழுதி வச்ச புரோகிராம் அத்தனையும் படுத்துடும். தரவு கம்பெனியுடையது, அதை எடுக்கும் வழி மட்டும் ஒரு சிலருடைய மண்டைக்குள்.

இந்த இடத்தில்தான் எட்கர் காட் வருகிறார். 1923-ல் இங்கிலாந்தில் பிறந்தவர், ஆக்ஸ்ஃபோர்டில் கணிதம் படித்தவர், இரண்டாம் உலகப்போரில் விமானம் ஓட்டியவர். ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்தபோது 1970 ஜூனில் ஒரு கட்டுரை வெளியிட்டார். சாராம்சம் இவ்வளவுதான்: தரவு உள்ளே எப்படி அடுக்கப்பட்டிருக்கிறது என்பது கேள்வி கேட்கிறவனுக்குத் தெரியவேண்டிய அவசியமே இல்லை. எல்லாவற்றையும் சாதாரண அட்டவணைகளாக வை. அட்டவணைகளுக்குள் உறவு, மதிப்புகள் மூலமாக மட்டும் இருக்கட்டும். என்ன வேண்டும் என்று கேள், எப்படி எடுப்பது என்பதை இயந்திரம் பார்த்துக்கொள்ளும்.

ஐ.எம்.எஸ். நல்லா விற்றுக்கொண்டிருந்ததால் ஐ.பி.எம். இதில் பெரிய அவசரம் காட்டவில்லை. 1970களின் நடுவில் சிஸ்டம் ஆர் என்று ஒரு சோதனைத் திட்டம் ஓடியது. அங்கேதான் டொனால்ட் சேம்பர்லின், ரேமண்ட் பாய்ஸ் இருவரும் 1974-ல் சீக்குவல் மொழியைத் தந்தார்கள். நம்ம எஸ்.க்யூ.எல்.லின் மூதாதை. பாய்ஸ் அதே 1974-ல், முப்பது வயதுகூட ஆகாமல் இறந்துபோனார். பரீட்சையில் நாம் சபித்துக்கொண்டே எழுதும் பாய்ஸ்-காட் நார்மல் ஃபார்மில் இருக்கும் பாய்ஸ் இவர்தான். கிட்டத்தட்ட என் வயசு. அதைத் தெரிஞ்சுக்கிட்ட அன்னிக்கு அந்தப் பாடத்தை வேற கண்ணோட படிச்சேன். இதற்கிடையில் ஆரக்கிள்காரர்கள் 1979-லேயே சரக்கைச் சந்தைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். ஐ.பி.எம். பின்னாலதான் வந்தது. காட்டுக்கு 1981-ல் டூரிங் விருது.

சரி, ஊருக்கு வருவோம்.

பெட்டிக்குள் ஒரு ஊர்

1801-ல் திருநெல்வேலிச் சீமை கிழக்கிந்தியக் கம்பெனி கைக்கு முழுசா வந்தது. பிறகு வேரூன்றிய ரயத்துவாரி முறையில் அரசாங்கம் நேரடியாக ஒவ்வொரு விவசாயியிடமும் தீர்வை வசூலிக்கும். அப்படின்னா ஒவ்வொரு வயலுக்கும் எண் வேணும், அளவு வேணும், தரம் வேணும், ஆள் பேர் வேணும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் சங்கிலி பிடித்து அளந்து, கிராமம் கிராமமாகப் புல எண் போட்டார்கள். அதிலிருந்து வந்த கணக்குகள்தான் இன்னைக்கும் நம்ம கையில் இருப்பவை.

முக்கியமானவை மூன்று. ஒன்று, ‘அ’ பதிவேடு. புல எண் வரிசைப்படி இருக்கும். ஒவ்வொரு புலத்துக்கும் நஞ்சையா புஞ்சையா, மண் வயனமும் ரகமும், பரப்பு, தீர்வை, பட்டா எண், பட்டாதாரர் பேர். இரண்டு, சிட்டா. இது பட்டா எண் வரிசை. இந்த ஆளுக்கு எந்தெந்தப் புலம், மொத்தம் எவ்வளவு. மூன்று, அடங்கல். இந்தப் பசலியில் இந்தப் புலத்தில் என்ன பயிர், எந்தப் பாசனம். பசலி என்றால் ஜூலையில் தொடங்கி ஜூனில் முடியும் வருவாய் ஆண்டு. எங்க பக்கம் குளத்துப் பாசனம் அதிகம். பெரியகுளம் பெருகின வருஷத்து அடங்கலையும் வறண்ட வருஷத்து அடங்கலையும் பக்கத்துல வச்சுப் பார்த்தா அது தனிக் கதை சொல்லும்.

இதையெல்லாம் எழுதி வைத்தவர் கர்ணம், ஊர்ப் பேச்சில் கணக்குப்பிள்ளை. பல ஊர்களில் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருந்த வேலை. கணக்குகள் அவர் வீட்டுப் பெட்டிக்குள். எந்தக் கட்டில் எந்த வருஷம், எந்தத் திருத்தம் எந்த ஓரத்தில் என்பது அவருக்கு மட்டும் தெரியும். நேர்மையானவர்கள் நிறைய பேர் இருந்தார்கள், மறுக்கல. ஆனா அவர் நல்லவரா கெட்டவரா என்பதல்ல விஷயம். ஒரு ஊரே தன் நிலத்தைப் பத்தித் தெரிஞ்சுக்க ஒரு ஆளோட தயவில் நிற்குதே, அதுதான் விஷயம். பாக்மன் சொன்ன மாலுமி எங்க ஊரில் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்.

1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஒரு அவசரச் சட்டம் போட்டு, கிராம முன்சீப், கர்ணம் போன்ற பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒரே வீச்சில் ஒழித்தது. வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போய் 1982-ல் அரசு பக்கம் தீர்ப்பானது. அவர்கள் இடத்தில் வந்தவர்கள்தான் முழுநேர கிராம நிர்வாக அலுவலர்கள், வி.ஏ.ஓ.க்கள். இதை அரசியலாகப் பார்ப்பவர்கள் பார்க்கட்டும். எனக்கு இது காட் சொன்ன அதே காரியமாகத்தான் தெரிகிறது. கணக்கு வேறு, கணக்கு வைத்திருக்கும் ஆள் வேறு. இரண்டையும் பிரி.

ஒரே நோட்டில் மூன்று நார்மல் ஃபார்ம்

இப்ப பாடத்துக்கு வருவோம்.

முதல் நார்மல் ஃபார்ம்: ஒரு கட்டத்தில் ஒரு மதிப்புதான் இருக்கணும். கூட்டுப் பட்டாவை எடுத்துக்குங்க. பட்டாதாரர் பேர் என்ற ஒரே கட்டத்தில் ஆறு பேர் வரிசையா இருப்பாங்க. யாருக்கு எவ்வளவு பங்கு? இருக்காது. எந்த மூலை யாருக்கு? அதுவும் இருக்காது. ஆறில் ஒருத்தர் தன் பங்கை வைத்துக் கடன் வாங்கணும்னா மத்த ஐந்து பேர் பின்னால் அலையணும். கட்டத்துக்குள் பட்டியலைத் திணித்தால் என்ன ஆகும்னு இதைவிடத் தெளிவா எந்தப் புத்தகமும் சொல்லாது.

இரண்டாவது: கீ முழுவதையும் சார்ந்திருக்கணும், பாதியைச் சார்ந்திருக்கக் கூடாது. அடங்கலின் கீ எது? புல எண், உட்பிரிவு, பசலி. பயிர் இந்த மூன்றையும் சார்ந்தது, சரி. ஆனா பரப்பு? அது பசலியைச் சார்ந்ததே இல்லை. பசலி மாறினால் வயல் நீளுமா என்ன? இருந்தும் வருஷா வருஷம் பரப்பையும் பட்டாதாரர் பேரையும் பார்த்துப் பார்த்து எழுதுவார்கள். பத்து வருஷம் எழுதினா எங்கேயாவது ஒரு 6, 8 ஆகும்.

மூன்றாவது: கீயைத் தவிர வேறொன்றைச் சார்ந்திருக்கக் கூடாது. ‘அ’ பதிவேட்டில் புல எண்ணுக்கு எதிரே பட்டா எண், அதன் பக்கத்தில் பேர். பேர் சார்ந்திருப்பது பட்டா எண்ணை, புலத்தை அல்ல. கொம்பையா என்பவருக்கு ஒன்பது புலம் இருந்தால் அவர் பேர் ஒன்பது இடத்தில் இருக்கும். அவர் இறந்து மகன் பேருக்கு மாற்றும்போது எட்டு இடத்தில் மாற்றி ஒன்றை விட்டுவிட்டால்? முப்பது வருஷம் கழித்து அந்த ஒன்பதாவது வயலுக்காக ஒரு கேஸ் நடக்கும்.

இன்னொண்ணு கவனிச்சீங்களா? சிட்டாவும் ‘அ’ பதிவேடும் ஒரே உண்மையைத்தான் ரெண்டு வரிசையில் சொல்லுது. காகிதக் காலத்தில் வேற வழியில்லை. பட்டாப்படி தேடணும்னா தனி நோட்டு எழுதித்தான் ஆகணும். காட் மொழியில் சொன்னால் சிட்டா என்பது அட்டவணையே இல்லை, ஒரு கேள்விக்கான விடை. நாம ‘வியூ’ன்னு சொல்றோமே, அது. எழுதி வைத்த விடை, மூலம் மாறும்போது தானா மாறாது. இந்த ரெண்டு நோட்டும் ஒத்துப்போகுதான்னு வருஷத்துக்கு ஒரு தடவை பார்க்கறதுக்காகத்தான் ஜமாபந்தி என்று ஒரு திருவிழாவே நடக்குது.

பேரை கீயாக வைத்தவன் கெட்டான்

புல எண் 100 எல்லாக் கிராமத்திலும் இருக்கும். ஆக மாவட்டம், வட்டம், கிராமம், புல எண், உட்பிரிவு என ஐந்தும் சேர்ந்தால்தான் ஒரு வயலைச் சுட்ட முடியும். காம்போஸிட் கீ. இதில் ஒரு வில்லங்கம். 1986-ல் மாவட்டம் இரண்டாகி தூத்துக்குடி பக்கம் தனியானது. நம்ம பக்கம் நெல்லை கட்டபொம்மன் மாவட்டமானது. 1997-ல் மறுபடி திருநெல்வேலி. 2019-ல் தென்காசி பிரிந்தது. இத்தனைக்கும் எந்த வயலும் ஒரு அடிகூட நகரலை. அர்த்தமுள்ள பேரை கீக்குள் வைத்தால், அர்த்தம் மாறும்போதெல்லாம் கீ மாறும். அர்த்தமில்லாத எண் ஒன்றை அடையாளமாக வை என்று புத்தகம் சொல்வது சோம்பேறித்தனத்துக்கு அல்ல.

ஊர் பேரே பாருங்க. நாங்குநேரின்னு எழுதறவங்க உண்டு, நான்குநேரின்னு எழுதறவங்க உண்டு. கோயிலை வைத்து வானமாமலை என்பார்கள், தோத்தாத்ரி என்பார்கள். ஆளுக்கு ரெண்டும் ஒண்ணுதான். இயந்திரத்துக்கு நாலும் நாலு ஊர். தமிழ் எழுத்துருச் சண்டை பார்த்தவங்களுக்கு இன்னொரு கூத்தும் தெரியும். மேலே சொன்ன கொம்பையாவின் ‘கொ’வை யூனிகோடில் ஒரே உயிர்க்குறியாகவும் வைக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனியாகவும் வைக்கலாம். திரையில் ஒரே கொம்பையா, தேடினால் ரெண்டு பேர். பேரை வைத்து ஆளைத் தேடும் எந்த அட்டவணையும் நம்ம ஊரில் தாங்காது.

டேட்டா மைக்ரேஷன் என்னும் கண்டம்

மென்பொருள் வேலையில் இருக்கறவங்களுக்குத் தெரியும், பழைய சிஸ்டத்திலிருந்து புதுசுக்குத் தரவை மாற்றும் நாள்தான் கண்டம். நம்ம நிலக் கணக்குக்கு அந்தக் கண்டம் 1979-லிருந்து 1987 வரை நடந்தது. நில உடைமை மேம்பாட்டுத் திட்டம், சுருக்கமா யு.டி.ஆர். ஏக்கர்-செண்ட் கணக்கு ஹெக்டேர்-ஏர் ஆனது, அனுபவத்தில் இருந்தவர்கள் பேர் பட்டாவில் ஏறியது, உட்பிரிவுகள் புதுப்பிக்கப்பட்டன. பெரிய வேலை, அவசியமான வேலை. ஆனா இன்னைக்கும் பத்திரம் எழுதும் ஆபீஸ் வாசலில் நின்றால் ‘யு.டி.ஆர். பிழை’ என்ற சொல்லை ஒரு மணி நேரத்துக்குள் கேட்டுடலாம். பேர் விடுபட்டது, பரப்பு குறைந்தது, பக்கத்து வயல்காரர் பேர் ஏறியது. அப்ப விழுந்த பிழையைத் திருத்த மாவட்ட வருவாய் அலுவலர் வரை மனு போகணும்.

பிறகு ‘தமிழ் நிலம்’ மென்பொருள் வந்தது. சிட்டாவை வீட்டிலிருந்தே பார்க்கலாம். பெட்டி திறந்துவிட்டது, உண்மையிலேயே பெரிய விடுதலை. ஆனா இன்னொரு முடிச்சு பல வருஷம் இருந்தது. நிலத்தை விற்றால் பத்திரம் பதிவாவது பதிவுத்துறையில். பட்டா இருப்பது வருவாய்த்துறையில். ரெண்டு துறை, ரெண்டு டேட்டாபேஸ், நடுவில் ஃபாரின் கீ கிடையாது. வில்லங்கச் சான்றில் நீங்கள் உரிமையாளர், சிட்டாவில் பழைய ஆளே உரிமையாளர். பதிவுத்துறை 2018-ல் ஸ்டார் 2.0 மென்பொருளைக் கொண்டுவந்த பிறகுதான் இந்த ரெண்டு பக்கமும் கணினி வழியாப் பேச ஆரம்பித்தன. விற்றவர் கணக்கில் குறைவதும் வாங்கியவர் கணக்கில் ஏறுவதும் ஒரே மூச்சில் நடக்கணும், இல்லைன்னா ரெண்டுமே நடக்கக் கூடாது. டிரான்சாக்‌ஷன் பாடத்தின் முதல் வரி இதுதான். சும்மா சொல்லக் கூடாது, அந்தப் பாடத்தில் பாதி வழியில் மின்சாரம் போனாலும் கணக்கு குழம்பாமல் மீட்கும் ஏரீஸ் என்ற முறை நம்ம தமிழ்நாட்டுக்காரர் சி. மோகன் தலைமையில், ஐ.பி.எம்.மில் உருவானது. கட்டுரை வந்தது 1992-ல். ஐ.ஐ.டி. மெட்ராஸ் மாணவர்.

அட்டவணையில் இல்லாதவர்கள்

இதுவரை சொன்னதெல்லாம் தப்பில்லாமல் எழுதுவது பற்றி. எழுதவே படாதவர்கள்?

எங்க குடும்பத்துக்கு ஒரு கூட்டுப் பட்டா உண்டு. தாத்தாவும் அவர் தம்பிகளும். தாத்தா இறந்த பிறகு அவர் இடத்தில் அப்பா, சித்தப்பா ரெண்டு பேர். எனக்கு ரெண்டு அத்தைகள். காலேஜ்ல ஈ.ஆர். டயகிராம் வரையச் சொன்னப்போ இந்தப் பட்டாவைத்தான் வரைந்தேன். வாரிசு என்று கட்டம் போட்டு ஐந்து பேரை எழுதினா, பட்டாவில் மூணு பேர்தான் இருக்காங்க.

“அத்தைங்க பேரு ஏம்ப்பா இல்ல?”

“அவங்க கேக்கலியே.”

இந்த ஒரு வார்த்தை எனக்குப் புத்தகத்தின் ஒரு அத்தியாயத்தைத் திறந்து காட்டிச்சு. ‘நல்’ என்ற வெற்று மதிப்பைப் பத்தி காட் பல வருஷம் மல்லுக்கட்டினார். கடைசியில் ஒரே வெற்றிடம் போதாது, ரெண்டு வேண்டும் என்றார். ஒன்று, மதிப்பு இருக்கிறது, நமக்குத் தெரியவில்லை. இன்னொன்று, இந்த இடத்துக்கு மதிப்பே பொருந்தாது. நாம் புழங்கும் டேட்டாபேஸ்கள் ஒன்றையே வைத்துக்கொண்டன. ரெண்டும் கலந்துபோச்சு.

அதோடு இன்னொரு விதி. 1978-ல் ரேமண்ட் ரைட்டர் என்பவர் அதற்கு மூடிய உலகக் கோட்பாடு என்று பேர் வைத்தார். அட்டவணையில் ஒரு வரி இல்லையென்றால் அந்த உண்மையே இல்லை என்று கொள். விமான டிக்கெட்டுக்கு இது சரி. பட்டியலில் பேர் இல்லையா, டிக்கெட் எடுக்கவில்லை. நிலத்துக்கு? அத்தைகளுக்கு உரிமை 1956 இந்து வாரிசுரிமைச் சட்டத்திலேயே உண்டு, தகப்பனார் உயில் எழுதாமல் இறந்தால் மகளும் மகனும் சமம். பூர்வீகச் சொத்திலும் மகளைச் சமமாக்கி 1989-ல் தமிழ்நாடு திருத்தியது, 2005-ல் நாடு முழுக்க வந்தது. சட்டப் புத்தகத்தில் ஸ்கீமா மாறிவிட்டது. வரிகள்தான் ஏறலை. பட்டா என்பது உரிமைக்கு முழு ஆதாரம் இல்லை என்று வக்கீல் சொல்வார். ஆனா கடன், காப்பீடு, நிவாரணம் என்று எந்த வரிசையில் நின்றாலும் முதல்ல கேட்பது சிட்டா, அடங்கல்தான். அங்கே இல்லாதவர் அந்த வரிசையிலும் இல்லை.

குத்தகைக்கு உழுபவர் கதையும் இதுவே. கோயில் நிலம், மடத்து நிலம் நிறைய உள்ள பக்கம் எங்களது. சிட்டாவில் சுவாமி பேர் இருக்கும், சேற்றில் இறங்குபவர் பேர் இருக்காது. அவர் பேரைப் பதிய 1969-லேயே குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் தனியாக வந்தது. அட்டவணை இருக்கு, எல்லா உண்மையும் அதில் ஏறியிருக்கா என்பதுதான் கேள்வி. நாங்குநேரியில் பிறந்த நா. வானமாமலை (1917-1980) ஊர் ஊராக நாட்டுப்பாடல் சேகரித்தவர். ஏட்டில் ஏறாத வாழ்க்கை எவ்வளவு இருக்கு என்று காட்டியவர். அந்த மாதிரி ஒரு ஆள் டேட்டாபேஸ் டிசைன் டீமிலும் இருக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா ஒரு ஆசை.

காட் நமக்குக் கொடுத்தது பெரிய விஷயம். வழி தெரிஞ்சவன் தயவு இல்லாமல் யாரும் கேள்வி கேட்கலாம். கேள்விக்கு ஒரே பதில் வரும். ஆனா என்னென்ன கட்டம் போடணும், யார் யாருக்கு வரி எழுதணும் என்பதை எந்த நார்மல் ஃபார்மும் சொல்லித் தராது. அதை உட்கார்ந்து வரையற ஆள்தான் யோசிக்கணும். அந்த ஆள் இன்னைக்கு நம்மில் ஒருத்தர்.

டி.பி.எம்.எஸ். படிக்கிற தம்பி தங்கைகள் யாராவது இருந்தா லண்டன் சப்ளையரை விட்டுடுங்க. வீட்டு பீரோவில் இருக்கும் பட்டாவை எடுத்து நார்மலைஸ் பண்ணிப் பாருங்க. முடிச்சதும் விடுபட்ட பேர் ஏதும் இருக்கான்னு வீட்ல கேளுங்க.

பி.கு: அத்தைகள் ரெண்டு பேருக்கும் விவரம் சொல்லியாச்சு. பெரியத்தை “எனக்கு எதுக்குடா”ன்னாங்க. சின்னத்தை சர்வே நம்பரைக் கேட்டு எழுதி வாங்கிக்கிட்டாங்க.